பழைய மோட்டார் காரின் வெளி விளக்குகள்: பழுதும் பரிசோதனையும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டின் எல்லையை அடைகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிலைத்தது. எனினும், எல்லையின் இரு பக்கத்து மக்களும் உறவாலும் தொழிலாலும் வாணிபத்தாலும் இணைந்தே வாழ்கின்றனர். காட்டாக்கடைச் சந்தைக்கும் மார்த்தாண்டம் சந்தைக்கும் இடையே நாள்தோறும் வண்டிகள் ஓடுகின்றன. கேரளத்துப் பதிவெண் கொண்டவையும் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்டவையும் ஒரே சாலையில் முன்னும் பின்னுமாகச் செல்வதை இங்கு எந்நேரமும் காணலாம்.

நெடுஞ்சாலையை விட்டு உட்புறம் செல்லும் கிராமச் சாலைகளோ குறுகலானவை. ஏற்றமும் இறக்கமும் வளைவும் மிக்கவை. இருமருங்கிலும் ரப்பர் மரங்கள் கவிந்து நிற்பதால் நிலவொளியும் அங்கு நுழைவது அரிது. பொழுது விடியும் முன்னரே பால்வெட்டுத் தொழிலாளர் இச்சாலைகளின் ஓரமாக நடந்தும் மிதிவண்டியிலும் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். அந்நேரத்தில் எதிரே வரும் காரின் முகப்பு விளக்கு ஒன்று அணைந்திருப்பின் அதனை மோட்டார் சைக்கிள் என்று கருதி ஒதுங்கத் தவறுவோர் உண்டு. முன்னே நிற்கும் காரின் பின்விளக்கு எரியாவிடின், பின்னால் வருபவர் அதனை மிக அருகில் வந்த பின்னரே காண்பர். எனவே காரின் வெளி விளக்குகள் உரியவரின் வசதிக்காக மட்டும் உள்ளவை அல்ல. சாலையில் செல்லும் பிறருடைய உயிருக்கும் அவை காவலாகும்.

பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்குவோர் எஞ்சினின் ஓசையைக் கேட்பர். டயரைத் தட்டிப் பார்ப்பர். வர்ணத்தின் மினுமினுப்பைக் கண்டு மகிழ்வர். விளக்குகளைப் பகலில் ஒருமுறை போட்டு, அவை எரிகின்றன என்று கண்டதும் அமைதி கொள்வர். உண்மையில் பழைய வண்டியில் முதலில் நலிவது மின்கம்பிகளின் இணைப்புகளே. அவற்றின் நலிவு பகலில் புலப்படுவதில்லை. விளக்கு எரிகிறதா என்னும் கேள்வியால் மட்டும் அது வெளிப்படுவதும் இல்லை. விளக்கு தனக்குரிய முழு ஒளியுடன் எரிகிறதா, பிற விளக்குகளும் உடன் எரியும்போது அவ்வொளி குன்றாமல் நிற்கிறதா என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்கு எளிய கருவிகளைக் கொண்டு விடை காணும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

மின்சுற்றின் அமைப்பு

காரில் மின்னோட்டம் பாட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, உருகி எனப்படும் ப்யூஸ், ஸ்விட்ச், கம்பி ஆகியவற்றின் வழியே பல்பை அடைகிறது. பல்பிலிருந்து அது பாட்டரிக்குத் திரும்புவதற்குத் தனிக் கம்பி முழுத் தொலைவுக்கும் அமைக்கப்படுவதில்லை. வண்டியின் எஃகு உடலே திரும்பும் வழியாகப் பயன்படுகிறது. பல்பின் பிடியிலிருந்து ஒரு சிறு கம்பி அருகிலுள்ள தகட்டில் திருகினால் பிணைக்கப்படும். இதனையே தொழிலாளர் எர்த் என்பர். தற்காலக் கார்கள் யாவற்றிலும் பாட்டரியின் எதிர்முனை உடலுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. மிகப் பழைய பிரிட்டிஷ் மாதிரி வண்டிகள் சிலவற்றில் நேர்முனை இணைக்கப்பட்டிருக்கும். ஆதலின் அத்தகைய வண்டியைத் தொடுமுன் பாட்டரியின் எம்முனை உடலுடன் சேர்ந்துள்ளது என்பதைப் பார்த்தறிய வேண்டும்.

மின்னோட்டம் சென்ற வழி எவ்வளவு முக்கியமோ திரும்பும் வழியும் அவ்வளவு முக்கியம். ஆயினும் பழுது நேர்ந்தபோது பெரும்பாலோர் பல்பையும் உருகியையும் ஸ்விட்சையும் மட்டும் ஆராய்ந்து, திரும்பும் வழியை மறந்துவிடுகின்றனர். பழைய கார்களின் விளக்குகளில் தோன்றும் விந்தையான பழுதுகள் பலவற்றுக்கு இம்மறதியே விடை தெரியாமைக்குக் காரணமாகிறது.

இணைப்புகள் கெடும் விதம்

இப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. ஆண்டில் பல மாதங்கள் காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. பூவாறு, பொழியூர் முதலிய கடலோர ஊர்களில் அக்காற்றில் உப்பும் கலந்திருக்கிறது. விளக்குக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு காலப்போக்கில் வெடித்துவிடுமாயின் நீர் உள்ளே புகும். செம்புக் கம்பியின்மேல் பச்சைக் களிம்பு படரும். எஃகுத் தகட்டின்மேல் துரு ஏறும். களிம்பும் துருவும் மின்சாரத்தை எளிதில் கடத்தா. மேலுக்கு இறுகியதாகத் தோன்றும் திருகின் கீழே மெல்லிய துருப் படலம் இருந்தாலும் மின்னோட்டத்துக்குத் தடை உண்டாகும்.

இரண்டாவது காரணம் அசைவு. பின்புறப் பெட்டியின் மூடியிலோ, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவிலோ விளக்குகள் அமைந்திருப்பின், அவற்றுக்குச் செல்லும் கம்பிகள் கீலின் அருகே ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கின்றன. நாளடைவில் மேலுறை முழுமையாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மூன்றாவது காரணம் எலி. மரச்சீனியும் தேங்காயும் சேமித்துள்ள கொட்டகையில் சில நாள் நிறுத்தப்பட்ட காரின் கம்பி உறையை எலி கடித்துச் செம்பை வெளிப்படுத்துவது கிராமங்களில் அடிக்கடி காணும் நிகழ்ச்சி. நான்காவது காரணம் மனிதனுடைய கைவேலை. முன்னிருந்த உரிமையாளர் கூடுதல் விளக்கு, ஹாரன், பாட்டுப்பெட்டி முதலியவற்றைப் பொருத்துவதற்காகக் கம்பிகளை அறுத்து முறுக்கி வெறும் டேப்பைச் சுற்றியிருப்பார். பழைய காரை ஆராய்பவர் முதலில் இத்தகைய பிற்சேர்க்கைகளைத் தேடிக் காண்பது நலம்.

முதற் பார்வை

மாலை மங்கும் வேளையில் வெள்ளையடித்த சுவரின் அருகே காரை நிறுத்த வேண்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து ஒவ்வொரு ஸ்விட்சாக இயக்க, மற்றொருவர் வெளியே நின்று குறிப்பெடுக்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லையேல் சுவரில் படும் ஒளியைக் கண்ணாடியில் பார்த்தே பலவற்றை அறியலாம். சிறுவிளக்கு, முகப்பு விளக்கின் தாழ்கதிர், உயர்கதிர், பின்விளக்கு, பதிவெண் பலகை விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எனப்படும் சைகை விளக்கு, பின்னோக்கிச் செல்லும்போது எரியும் வெள்ளை விளக்கு ஆகிய அனைத்தையும் முதலில் தனித்தனியாகவும், பின்னர் ஒருங்கே எரியவிட்டும் பார்த்தல் வேண்டும். பின்விளக்கும் பிரேக் விளக்கும் சைகை விளக்கும் ஒரே சமயத்தில் எரியும் நிலையே உண்மையான சோதனை. ஏனெனில் இருட்டில் வலப்புறம் திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் கார் அந்நிலையில்தான் இருக்கும்.

குறித்த பின்னர், பழுது எவ்வளவு பரந்தது என்பதை நோக்குக. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை எனில் பெரும்பாலும் பல்பு, பல்பின் பிடி, அதற்குரிய எர்த் ஆகிய மூன்றில் ஒன்று குற்றமுடையதாக இருக்கும். ஒரே வகையைச் சேர்ந்த இரு விளக்குகளும் எரியவில்லை எனில் அவற்றுக்குப் பொதுவான உருகி, ஸ்விட்ச் அல்லது ரிலே ஐயத்துக்குரியது. பிரேக் விளக்கு இரண்டும் எரியாவிடின் பிரேக் மிதியின் அருகேயுள்ள ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் அந்த ஸ்விட்ச் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவதாகக் குழாய்வழியில் அமைந்திருக்கும். ஒரு பக்கத்திலுள்ள பல்வேறு வகை விளக்குகள் யாவும் ஒருசேரக் கெட்டிருப்பின், அப்பக்கத்துப் பொது எர்த் இணைப்பையே முதலில் ஆராய வேண்டும்.

சைகை விளக்குகள் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை சிமிட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் சிமிட்டும் வேகம் மாறுபட்டால் அப்பக்கத்துப் பல்பு ஒன்று எரிந்துபோயிருக்கலாம்; அல்லது வேறு வாட் அளவுள்ள பல்பு பொருத்தப்பட்டிருக்கலாம். 21 வாட் பல்புக்கு மாறாகச் சிறு மின்னோட்டமே ஏற்கும் எல்.இ.டி. விளக்கைப் பொருத்திய வண்டிகளிலும் இம்மாறுபாடு தோன்றுவதுண்டு.

பல்பும் உருகியும்

பல்பைக் கழற்றி அதன் இழையைப் பார்க்க வேண்டும். இழை அறுந்திருப்பின் ஐயமில்லை. இழை முழுமையாகத் தோன்றினும் பாட்டரியுடன் நேராக இணைத்து எரிகிறதா என்று காண்பதே உறுதியான வழி. இரட்டை இழைப் பல்பில் 5 வாட் இழை பின்விளக்குக்கும் 21 வாட் இழை பிரேக்குக்கும் உரியவை. ஒன்று எரிந்து மற்றொன்று நல்ல நிலையில் இருக்கலாம். அத்தகைய பல்பின் பக்க முளைகள் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் அமைந்திருப்பது தலைகீழாகப் பொருத்துவதைத் தடுப்பதற்காகும். தளர்ந்த பிடியில் அதனை வலிந்து மாற்றித் திணித்தால் பின்விளக்கு கண்ணைக் கூசும் வண்ணம் எரியும். பிரேக் அழுத்தும்போது ஒளி கூடியதாகத் தோன்றாது.

தட்டை உருகிகளின் நிறம் அவற்றின் அளவைக் காட்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. உருகியைக் கண்ணால் பார்ப்பதோடு அமையாமல் அதன் இரு முனைகளிலும் மின்னழுத்தம் உள்ளதா என்று சோதனை விளக்கால் அறிதல் வேண்டும். ஒரு முனையில் இருந்து மறுமுனையில் இல்லாவிடின் உருகி எரிந்துள்ளது. இரு முனையிலும் இல்லாவிடின் குறை உருகிக்கு முன்னரே உள்ளது.

மின்னழுத்த இழப்பை அளத்தல்

இங்கு ஒரு தவறான முடிவு எளிதில் நேரும். பல்பைக் கழற்றிவிட்டுப் பிடியில் மல்டிமீட்டரை வைத்து அளந்தால் 12 வோல்ட் காட்டும். கம்பி நன்றாக உள்ளது என்று எண்ணத் தோன்றும். மல்டிமீட்டர் ஏற்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. கம்பியில் ஒரே இழை எஞ்சியிருந்தாலும் அச்சிறு மின்னோட்டம் தடையின்றிச் செல்லும். பல்புக்கு வேண்டிய மின்னோட்டமோ அவ்வழியே செல்ல இயலாது. ஆகையால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளத்தல் வேண்டும்.

அளவைகள் மூன்று. முதலாவது, பாட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே. இரண்டாவது, பாட்டரியின் நேர்முனைக்கும் பல்புக்கு மின்சாரம் வந்து சேரும் முனைக்கும் இடையே. இது செல்லும் வழியின் இழப்பு. மூன்றாவது, பல்புப் பிடியின் உலோக உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே. இது திரும்பும் வழியின் இழப்பு. செல்லும் வழியில் ஏறத்தாழ 0.5 வோல்ட் வரையிலும் திரும்பும் வழியில் 0.2 வோல்ட் வரையிலும் இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால், அளவு கம்பியைப் பகுதி பகுதியாக நகர்த்திச் சென்று எந்த இணைப்பைத் தாண்டும்போது இழப்பு திடீரென மறைகிறதோ அதுவே குற்றமுள்ள இடம் என்று கொள்ளலாம்.

இவ்விழப்பு எத்துணை தீங்கு விளைக்கும் என்பதைக் கணக்கால் காணலாம். எர்த் இணைப்பில் 1 ஓம் தடை புகுந்துள்ளது எனக் கொள்க. 5 வாட் பின்விளக்கின் இழைத் தடை ஏறத்தாழ 29 ஓம். அது மட்டும் எரியும்போது 1 ஓம் தடையில் இழக்கப்படுவது ஏறத்தாழ 0.4 வோல்ட்டே, கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அதே எர்த்தைப் பகிர்ந்துகொள்ளும் 21 வாட் பிரேக் விளக்கும் 21 வாட் சைகை விளக்கும் உடன் எரிந்தால் மூன்று இழைகளின் கூட்டுத் தடை ஏறத்தாழ 3 ஓமாகக் குறைகிறது. அப்பொழுது இழப்பு ஏறத்தாழ 3 வோல்ட். இழைகளுக்குக் கிடைப்பது 9 வோல்ட். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தம் குறையும் விகிதத்தினும் மிக விரைவாகக் குறையும் இயல்புடையது; 9 வோல்ட்டில் அது 12 வோல்ட்டில் தரும் ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கையே தரும். வண்டி நிற்கப்போகிறது, திரும்பப்போகிறது என்று பின்னால் வருபவருக்கு அறிவிக்க வேண்டிய அக்கணத்திலேயே விளக்கு மங்குகிறது என்பது இதனால் தெளிவு.

ஓர் எடுத்துக்காட்டு

பதினைந்து ஆண்டு நிறைவடையும் தறுவாயிலுள்ள மாருதி 800 கார் ஒன்றை எடுத்துக்கொள்க. 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய இம்மாதிரியின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது; பழைய வண்டிகள் கிராமங்களில் இன்றும் ஓடுகின்றன. அந்த வண்டியில் பிரேக்கை அழுத்தினால் வலப்புறப் பிரேக் விளக்கு செவ்வனே எரியாமல், வலப்புறச் சைகை விளக்குகள் முன்னும் பின்னும் மங்கலாக எரிகின்றன. வலப்புறச் சைகையைப் போட்டாலோ இடப்புறப் பிரேக் விளக்கும் உடன் சேர்ந்து மெல்லச் சிமிட்டுகிறது. உரிமையாளர் பல்புகளை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. ஸ்விட்ச் கெட்டது என்று கருதி அதனையும் மாற்ற எண்ணுகிறார்.

இதன் காரணம் எளியது. வலப்புறப் பின்விளக்குத் தொகுதியின் பொது எர்த் அறுந்துள்ளது. பிரேக் இழையின் வழியே வந்த மின்னோட்டம் உடலுக்குச் செல்ல வழியின்றி, அதே தகட்டில் இணைந்துள்ள சைகை விளக்கின் இழை வழியே பின்னோக்கி ஏறி, சைகைக் கம்பி மூலம் முன்புறச் சைகை விளக்கை அடைந்து, அதன் நல்ல எர்த் வழியாகத் திரும்புகிறது. 21 வாட் இழைகள் மூன்று தொடராக அமைந்துவிடுவதால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 4 வோல்ட்டே கிடைக்கிறது. ஆகவே மூன்றும் மங்கலாக எரிகின்றன. தண்ணீர் தன் வாய்க்கால் அடைபட்டால் அண்டை வயலின் வாய்க்காலில் பாய்வது போன்றது இது.

இதனை உறுதிசெய்யும் முறை ஒரே நிமிடத்தில் முடியும். ஒரு நீண்ட கம்பியின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை விளக்குப் பிடியின் உலோகத்திலும் வைக்க வேண்டும். விந்தை உடனே மறைந்து விளக்குகள் முறைப்படி எரிந்தால் எர்த் ஒன்றே குற்றமுடையது. திருகைக் கழற்றி, தகட்டையும் முனையையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, மீண்டும் இறுக்கினால் போதும். புதிய ஸ்விட்சுக்குச் செலவிட இருந்த தொகை மிஞ்சும்.

முகப்பு விளக்கின் மங்கல்

முகப்பு விளக்கு மங்கலாக எரிவதைக் கண்டோர் அதிக வாட் பல்பை வாங்கிப் பொருத்துவது வழக்கம். இது இரட்டைத் தவறு. 60 வாட் இழை ஒன்று 5 ஆம்பியர் ஏற்கும். 100 வாட் இழை 8 ஆம்பியருக்கு மேல் ஏற்கும். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்வதால், அது ஏறத்தாழ 2.8 மடங்காகும். மங்கலுக்குக் காரணம் களிம்பேறிய இணைப்பு எனில், அந்த இணைப்பிலேயே இவ்வெப்பம் குவிந்து பிளாஸ்டிக் பிடி உருகத் தொடங்கும். எதிரே வருபவரின் கண்ணும் கூசும். மின்னழுத்த இழப்பைக் களைந்தால் உரிய பல்பே போதிய ஒளி தரும். பாட்டரியில் 12 வோல்ட் இருக்கப் பல்பில் 10 வோல்ட்டே சேருமாயின் ஒளி ஏறத்தாழப் பாதியாகும் என்பதை நினைவிற்கொள்க. விளக்கின் உட்புறப் பிரதிபலிப்புத் தகடு கறுத்துவிட்டதா, முன்கண்ணாடி மங்கிவிட்டதா என்பவற்றையும் உடன் பார்க்க வேண்டும்.

உருகி மீண்டும் மீண்டும் எரிதல்

10 ஆம்பியர் உருகி எரிந்தால் 20 ஆம்பியர் உருகியையோ, வெள்ளித்தாளையோ, கம்பித் துண்டையோ வைப்பது பெரும் அபாயம். உருகி காப்பது விளக்கை அன்று. கம்பியைக் காப்பதே அதன் பணி. உருகி எரியாவிடின் கம்பி எரியும். கம்பியுடன் காரும் எரியக்கூடும். பழைய பிரிட்டிஷ் முறையில் அமைந்த வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்குச் சுற்றுக்கு உருகியே இல்லை. அவற்றில் கம்பியின் உறை வெடித்திருக்கிறதா என்பதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பழுதான இடத்தைக் காண ஒரு சிக்கன முறை உண்டு. உருகியை எடுத்துவிட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே 21 வாட் பல்பு ஒன்றைக் கம்பிகளால் இணைக்க வேண்டும். அச்சுற்றிலுள்ள பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டால், கம்பி எங்கேனும் உடலைத் தொட்டிருக்கும்வரை சோதனைப் பல்பு முழு ஒளியுடன் எரியும். மின்னோட்டம் 1.75 ஆம்பியருக்கு மேற்படாது, ஆதலின் அபாயமில்லை. இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தும், கம்பித் தொகுதியை மெல்ல அசைத்தும் வந்தால், பல்பு அணையும் இடம் குற்றத்தின் இருப்பிடத்தைக் காட்டிவிடும்.

செப்பனிடும் முறை

கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவது செப்பனிடுதல் ஆகாது. அறுந்த இடத்தைக் களிம்பில்லாத செம்பு தோன்றும்வரை வெட்டி, அதே பருமனுள்ள கம்பியை உரிய இணைப்புக் குழலில் வைத்து அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் உறையை இட வேண்டும். பற்றாசு வைப்பின், அவ்விடம் மடங்காதவாறு பிணைக்க வேண்டும். கீலின் அருகே அறுந்த கம்பிக்குச் சிறிது நீளம் கூடுதலாக விடுதல் நன்று. எர்த் திருகை இறுக்கிய பின் பெட்ரோலியம் ஜெல்லியை மேலே பூசினால் உப்புக்காற்று நெடுநாள் அணுகாது. தகட்டைத் துளைத்துச் செல்லும் கம்பிக்கு ரப்பர் வளையம் இருத்தல் வேண்டும். விளக்குத் தொகுதியின் அடியிலுள்ள நீர்வடி துளையை அடைத்துவிடலாகாது.

கம்பிகளின் நிறம் வழிகாட்டும், ஆனால் முடிவுரையாகாது. பிரிட்டிஷ் லூக்காஸ் முறையைப் பின்பற்றிய வண்டிகளில் கறுப்பு எர்த்தையும், பழுப்பு பாட்டரியிலிருந்து வரும் முதன்மைக் கம்பியையும், நீலம் முகப்பு விளக்கையும், சிவப்பு பின்விளக்கையும் குறிக்கும். ஜப்பானிய மாதிரி வண்டிகளில் நிறங்கள் வேறு. கைமாறிய பழைய காரில் கிடைத்த கம்பியைக் கொண்டு ஒட்டியிருப்பதும் உண்டு. ஆகவே நிறத்தைக் கண்டு ஊகித்ததை அளவு கொண்டு சரிபார்ப்பதே முறை.

எச்சரிக்கைகள்

கம்பியை வெட்டுமுன் பாட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். மீண்டும் இணைக்கும்போது அதனைக் கடைசியாக இணைக்க வேண்டும். கையிலுள்ள மோதிரத்தையும் கடிகாரத்தையும் நீக்குதல் நலம். மின்னேற்றம் பெறும் பாட்டரியிலிருந்து எரியும் இயல்புள்ள ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் அதன் அருகே பீடி, தீக்குச்சி கூடா. காற்றுப்பையுள்ள புதிய கார்களில் மஞ்சள் உறையிட்ட கம்பிகளைத் தொடுதல் கூடாது. கணிப்பொறிக் கட்டுப்பாடுடைய விளக்குச் சுற்றுகளில் இழைப் பல்பாலான சோதனை விளக்கைப் பயன்படுத்தாமல் மல்டிமீட்டரையே பயன்படுத்த வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் வாங்குவோர் அறிதல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி காரின் பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வண்டியைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். எல்லைக்கு அப்பால் வாங்கிய வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கு வைத்து ஓட்டுவதாயின் இம்மாநிலத்துப் பதிவெண் பெறுதல் வேண்டும். பரிசோதனை நாளில் மட்டும் எரிந்தால் போதும் என்ற நோக்கில் செய்யும் ஒட்டுவேலை அடுத்த மழையோடு கரைந்துவிடும்.

வகுப்பறைக்கு ஒரு பரிசோதனை

ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதியை மாணவர் சூத்திரமாக மனப்பாடம் செய்வர். அதனைக் கண்ணெதிரே காட்டுவதற்குப் பழைய காரின் பின்விளக்குத் தொகுதி ஒன்றே போதும். 12 வோல்ட் பாட்டரி, உருகி ஒன்று, 5 வாட், 21 வாட் பல்புகள், மூன்று ஸ்விட்சுகள், மல்டிமீட்டர் ஆகியவற்றைப் பலகையில் பொருத்துக. எர்த் வழியில் முதலில் தூய திருகையும், பின்னர் நன்கு துருவேறிய திருகையும் இணைத்து, ஒரு பல்பு எரியும்போதும் மூன்று எரியும்போதும் திருகின் இரு பக்கங்களுக்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை மாணவர் குறிக்கட்டும். துரு மாறவில்லை, மின்னோட்டம் கூடக் கூட இழப்பு கூடுகிறது என்பதை அவர்களே கண்டு சொல்வர். இறுதியாக எர்த்தை முற்றிலும் கழற்றினால், எந்த விளக்கும் எரியாமையையும் காணலாம். மின்னோட்டம் செல்லும் வழியை வரைந்து காட்டச் சொல்வது நல்ல பயிற்சி.

அம்மாணவர் வீடு திரும்பியதும் தம் வீட்டு வண்டியின் பின்னால் நின்று, தந்தையைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி விளக்கைப் பார்ப்பாராயின், பாடம் பயன்பட்டது என்று ஆசிரியர் கருதலாம். மாலை நேரங்களில் கிராமங்களுக்குச் செல்லும் களப் பணியாளரும் புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து இதனையே செய்தல் தகும். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். வேண்டிய பொருள் ஓர் உப்புத்தாளும் ஒரு துண்டுக் கம்பியும். விடியற்காலை ரப்பர் தோட்டத்துச் சாலையில் நடந்து செல்லும் தொழிலாளியின் பாதுகாப்பு, பெரும்பாலும் துருவேறிய ஒரு திருகைத் தேய்த்து இறுக்குவதில் அடங்கியிருக்கிறது.